கம்பம் பள்ளத்தாக்கின் காற்றும் சுவாச மண்டலத்தின் மிகைத்திறனும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலமலைத் தொடருக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே கூடலூரிலிருந்து தேனி வரை நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு, மனிதச் சுவாச மண்டலம் இயங்கும் முறையை விளக்குவதற்கு மிகப் பொருத்தமான நிலப்பகுதியாகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்திலுள்ள போடிநாயக்கனூரிலிருந்து புறப்படும் ஒருவர், அன்று பகலுக்குள்ளாகவே 2,000 மீட்டரைக் கடந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தை அடைந்துவிட முடியும் என்பதால், காற்றழுத்தம் குறையும்போது உடல் எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதை இங்கே எளிதில் அறியலாம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் குறைந்த காற்றாக இப்பள்ளத்தாக்கில் இறங்கும் ஆடி மாதத்தில் புழுதி எழுகிறது. போடியிலும் அதன் சுற்றூர்களிலும் இலவம் பஞ்சும், தேனி வட்டாரத்து ஜின்னிங் ஆலைகளில் பருத்தியும் தூசியைக் கிளப்புகின்றன. கம்பத்தையும் கூடலூரையும் சுற்றியுள்ள திராட்சைப் பந்தல்களின் அடியில் மருந்துத் துளிகள் மிதக்கின்றன. இவை ஒவ்வொன்றும் மூச்சுப் பாதையின் வெவ்வேறு இடத்தில் போய்ச் சேர்வதால், இப்பள்ளத்தாக்கின் காற்றைத் தொடர்ந்து சென்றாலே சுவாச மண்டலத்தின் முழு அமைப்பும் புலப்பட்டுவிடுகிறது.

அவ்வாறு தொடரும்போது ஓர் அடிப்படைப் பண்பு மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. சுவாச மண்டலத்தின் ஒவ்வொரு நிலையும் அன்றாடத் தேவையைவிடப் பல மடங்கு மிகையான திறனுடன் அமைந்துள்ளது. மலையேறவும், சுமை தூக்கவும், நோயைத் தாங்கவும் உதவுவது அந்த மிகைத்திறனே. நுரையீரலுக்கு ஏற்படும் சேதத்தை நீண்ட காலம் வெளியே தெரியாமல் மறைத்துவிடுவதும் அதுவே.

காற்று உள்ளே வரும் விதம்

நுரையீரலுக்குத் தானாக விரியும் ஆற்றல் இல்லை. நெஞ்சறையின் அடித்தளமாக, வயிற்றறையிலிருந்து அதைப் பிரிக்கும் கவிகை வடிவத் தசையான உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்க, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விலாக்கூட்டை மேலும் வெளியுமாக உயர்த்த, நெஞ்சறையின் கொள்ளளவு பெருகுகிறது. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையும் நெஞ்சுச்சுவரின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உறையும் புளூரா எனப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே உள்ளது. இயல்பான மூச்சின்போது அங்கு நிலவும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருப்பதால், நெஞ்சறை விரியும்போது நுரையீரலும் அதனுடன் இழுபட்டு விரிகிறது. விரிந்த நுரையீரலின் உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவதால் காற்று உள்ளே பாய்கிறது. ஓய்வு நிலையில் வெளிமூச்சுக்குத் தசைகளின் உழைப்பு தேவைப்படுவதில்லை. இழுபட்டிருந்த நுரையீரல் தன் மீள்தன்மையாலேயே சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடுகிறது.

ஓய்வாக இருக்கும் வயது வந்த ஒருவர் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறார். அதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகிய பாதைகளிலேயே தங்கி, வாயுப் பரிமாற்றத்தில் பங்கு பெறாமல் திரும்பிவிடுகிறது. இப்பாதையின் கொள்ளளவைப் பயனற்ற இடைவெளி என உடலியலாளர் வழங்குவர். ஒரு நிமிடத்தில் 500 மில்லிலிட்டர் வீதம் 12 முறை மூச்சு விடுபவரும், 250 மில்லிலிட்டர் வீதம் 24 முறை மூச்சு விடுபவரும் ஒரே அளவான 6 லிட்டர் காற்றையே இழுக்கின்றனர். எனினும் முதலாமவரின் பரிமாற்றப் பகுதியை 4.2 லிட்டர் புதுக்காற்று எட்டுகிறது, இரண்டாமவருக்கு 2.4 லிட்டர் மட்டுமே கிடைக்கிறது. மலையடிவார ஊரான குரங்கணியிலிருந்து மேலேறும் ஒருவர் மேலோட்டமாக விரைந்து மூச்சு வாங்குவதைவிட, நிதானமாக ஆழ்ந்து மூச்சு விடுவது பயன் தருவதற்குக் காரணம் இக்கணக்கில் அடங்கியுள்ளது.

மிகைத்திறனின் முதல் அடையாளமும் இங்கேயே தெரிகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 6 லிட்டர் போதுமானதாக இருக்க, உடல்நலமுள்ள இளைஞர் ஒருவரால் தேவைப்படும்போது 100 லிட்டருக்கும் மேலான காற்றை இயக்க முடியும். செங்குத்தான ஏற்றத்தில் நலமான ஒருவரின் வேகத்துக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் இதயம் செலுத்தக்கூடிய இரத்தத்தின் அளவே. நுரையீரலின் கொள்திறன் அப்போதும் எஞ்சியிருக்கும்.

துகளின் பருமனும் அது தங்கும் இடமும்

உள்ளிழுத்த காற்று மூக்கின் வளைவான உட்பாதையில், இரத்தநாளங்கள் செறிந்த ஈரச்சவ்வைத் தொட்டுச் செல்லும்போது உடல் வெப்பத்தையும் நீராவியையும் பெறத் தொடங்கி, மூச்சுக்குழலைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நிறைவான ஈரப்பதமும் பெற்றுவிடுகிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து இரு நுரையீரல்களுக்குள் நுழைந்து, மீண்டும் மீண்டும் இரண்டிரண்டாகக் கிளைத்து, ஏறத்தாழ 23 தலைமுறைக் கிளைகளாக விரிகிறது. இக்கிளைகளின் உட்சுவரில் பசை போன்ற கோழையும், அதன் அடியில் ஓயாமல் அசையும் குறு இழைகளும் உள்ளன. கோழையில் ஒட்டிய தூசியைக் குறு இழைகள் மெல்ல மெல்லத் தொண்டை வரை தள்ளிக்கொண்டு வர, அது அறியாமலே விழுங்கப்படுகிறது அல்லது இருமலால் வெளியேற்றப்படுகிறது.

ஒரு துகள் எங்கே சிக்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அதன் பருமன். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் என்னும் அலகில் கூறினால், 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடுகின்றன. அதைவிடச் சிறியவை கிளைக்குழல்களில் படிகின்றன. ஏறக்குறைய 2 மைக்ரானுக்கும் குறைந்தவை கடைக்கோடி வரை சென்றுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் புழுதி தும்மலையும் எரிச்சலையும் தந்துவிட்டு நீங்க, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே நுரையீரலின் உட்பகுதியை அடைகிறது.

இலவம் பஞ்சின் இழை மெழுகுப் பூச்சுடைய, உள்ளீடற்ற, மிக இலேசான இழையாகும். காய்களை உடைத்துக் கொட்டை பிரித்துத் தலையணையிலும் மெத்தையிலும் அடைக்கும் வேலையின்போது அறையெங்கும் பறப்பது இந்த இழையே என்றாலும், பருமன் காரணமாக அது பெரும்பாலும் மூக்கில் தங்கிவிடுகிறது. அதனுடன் கிளம்பும் நுண்தூசிதான் உள்ளே போகிறது. இலங்கையின் நெஞ்சக நோய் மருத்துவர் சி. ஜி. உரகொட, அந்நாட்டு இலவம் பஞ்சுத் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராய்ந்து 1977இல் கட்டுரை வெளியிட்டார்.

பருத்தித் தூசியின் செயல் இன்னும் சிக்கலானது. பருத்திக் காயைச் சூழ்ந்திருக்கும் சருகுகளில் வளரும் பாக்டீரியாக்களின் புறச்சுவரிலிருந்து வெளிப்படும் எண்டோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் தூசியோடு கலந்து கிளைக்குழல்களை அடையும்போது, அங்குள்ள வளையத் தசைகள் சுருங்கி மூச்சு அடைபடுகிறது. பிசினோசிஸ் எனப்படும் இந்நோயின் தொடக்க நிலையில், விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதும், வாரத்தின் பிற நாள்களில் அந்த இறுக்கம் தளர்வதும் தனி அடையாளமாகும். வாரக் கடைசியில் நலமாக உணர்வதாலேயே தொழிலாளர் இதைப் பொருட்படுத்தாமல் விடுவதும், பல ஆண்டுகளில் அடைப்பு நிலையானதாக மாறுவதும் நிகழ்கின்றன. இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் பிசினோசிஸ் இடம் பெற்றது.

திராட்சைப் பந்தலில் துகளின் பருமன் மற்றொரு வகையில் முக்கியமாகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை தலைக்கு மேலான பந்தலில் படர்வதால், மருந்து அடிப்பவர் தெளிப்பானின் முனையை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டியுள்ளது. இலையில் படாத துளிகள் அவர் முகத்தின் மீதே இறங்குகின்றன. தெளிப்பானிலிருந்து வெளிப்படும் துளிகளில் பெரும்பகுதி மூக்கைத் தாண்ட இயலாத அளவுக்குப் பெரியவை. எனினும் வறண்ட காற்றில் நீர் ஆவியாக ஆகத் துளி சுருங்கி, கரைந்திருந்த மருந்து செறிவடைந்த நுண்துகளாக மிதக்கத் தொடங்குகிறது. தாமிர உப்பான மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து செய்யும் போர்டோ கலவை, 1880களில் பிரான்சில் திராட்சையின் அடிச்சாம்பல் நோயைத் தடுக்கப் புழக்கத்துக்கு வந்தது. அக்கலவையைப் பல ஆண்டுகள் தெளித்து வந்த போர்ச்சுகல் நாட்டுத் தொழிலாளரின் நுரையீரல்களில் தாமிரம் படிந்து, அதைச் சுற்றி அழற்சிக் கட்டிகளும் தழும்புகளும் தோன்றியிருந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் 1969இல் விவரித்தனர். திராட்சைத் தெளிப்பாளர் நுரையீரல் நோய் என அது பெயர் பெற்றது. மருந்து அடிக்கையில் மூக்கில் கட்டிக்கொள்ளும் துண்டு பெரிய துளிகளைத் தடுக்கும். ஆனால் நெய்த துணியின் இழைகளுக்கு இடையிலான துளைகள் ஒரு சில மைக்ரான் அளவுள்ள துகள்களைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதால், ஆபத்தான பகுதியை அது தடுப்பதில்லை.

வீட்டுக்குள் விறகும் சருகும் எரியும்போது எழும் புகையின் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் 400க்கும் மேற்பட்ட வீடுகளில் விறகுப் புகையின் நுண்துகள் அளவுகளைக் கணக்கிட்டு 2002இல் வெளியிட்டனர். சமைப்பவரே மிகுதியான புகையைச் சுவாசிக்கிறார் என்றும், அடுக்களையின் அமைப்பு அந்த அளவைப் பெரிதும் மாற்றுகிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது.

மெல்லிய சுவர்

கிளைகளின் முடிவில் காற்று நுண்ணறைகள் கொத்துக் கொத்தாக அமைந்துள்ளன. இரு நுரையீரல்களிலும் சேர்த்து இவற்றின் எண்ணிக்கை 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. பரப்பை விரித்தால் 70 சதுர மீட்டருக்கும் மேற்படும். நுண்ணறையில் உள்ள காற்றையும் அதைச் சூழ்ந்த தந்துகிகளில் ஓடும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிமன் பல இடங்களில் அரை மைக்ரானுக்கும் குறைவு. ஆக்சிஜன் இரத்தத்துக்குள் செல்வதற்கு எந்த உயிரியல் விசையும் தேவைப்படுவதில்லை. ஆக்சிஜனின் அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அது தானாகவே விரவுகிறது. சுவர் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விரைவாக விரவல் நிகழும். அதே மென்மை, உள்ளே வந்த நுண்துகளையும் நச்சையும் இரத்தத்துக்கு மிக அருகில் கொண்டு வந்துவிடுகிறது. இப்பகுதியில் குறு இழைகள் இல்லை; துகள்களை விழுங்கிச் செரிக்கும் பெருவிழுங்கு செல்களே காவலாக உள்ளன. தாமிரம், சிலிக்கா போன்ற செரிக்க இயலாத துகளை விழுங்கும்போது அச்செல்களே அழற்சிக்குக் காரணமாகிவிடுகின்றன.

இவ்வளவு சிறிய அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும் ஒரு தனி ஏற்பாடு உண்டு. அறையின் உட்புற ஈரப்படலத்தின் பரப்பு இழுவிசை அறையை மூடிவிட முயல, சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்புப் பொருள் அவ்விசையைக் குறைத்துக் காக்கிறது. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இப்பொருள் போதிய அளவு சுரக்காததே அவர்களின் மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்பதை மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் வெளிப்படுத்தினர்.

ஓய்வு நிலையில் ஒரு சிவப்பணு நுண்ணறையைச் சூழ்ந்த தந்துகியைக் கடக்க ஏறத்தாழ 0.75 விநாடி எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜனை நிறைவாகப் பெறுவதற்கு அதற்கு 0.25 விநாடியே போதுமானது. எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு நேரம் முழுவதும் மிகையே. ஏற்றத்தில் இதயம் வேகமாகத் துடித்து இரத்தம் விரைந்து ஓடும்போதும் சிவப்பணு நிறைவடைந்தே வெளியேறுவது இதனால்தான். சுவர் ஓரளவு தடித்துவிட்ட நோயாளி ஓய்வில் எந்தக் குறையும் உணராதிருப்பதும் இதனால்தான்.

மலைமேல் ஆக்சிஜன்

கொழுக்குமலையிலும் போடியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஒன்றே: ஏறத்தாழ 21 விழுக்காடு. மாறுவது மொத்த அழுத்தம். திட்ட வளிமண்டலக் கணக்கின்படி, 350 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 729 மில்லிமீட்டர் பாதரசம். 2,100 மீட்டரில் சுமார் 589. மூச்சுக்குழலில் நீராவி எடுத்துக்கொள்ளும் 47 மில்லிமீட்டரைக் கழித்து, எஞ்சியதில் 21 விழுக்காட்டைக் கணக்கிட்டால், உள்ளே செல்லும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் கீழே சுமார் 143, மேலே சுமார் 114 மில்லிமீட்டர் ஆகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு இழப்பு. கார்பன் டை ஆக்சைடுக்கு இடம் விட்ட பின், நுண்ணறையில் எஞ்சுவது கீழே 90க்குச் சற்று மேலும் மேலே 70ஐ ஒட்டியும் இருக்கும்.

இவ்வளவு வீழ்ச்சிக்குப் பின்னரும் இரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜன் மிகச் சிறிதளவே குறைகிறது. இரத்தத்தின் ஆக்சிஜனில் ஏறத்தாழ 98 விழுக்காடு சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினுடன் பிணைந்தே செல்கிறது. ஹீமோகுளோபினின் ஒரு மூலக்கூறு நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிணைக்கவல்லது. ஒன்று பிணைந்ததும் அடுத்தது பிணைவது எளிதாகிறது. அதனால் அழுத்தத்துக்கும் நிறைவுக்கும் இடையிலான வரைகோடு நேராக இல்லாமல், மேற்பகுதியில் ஏறக்குறையத் தட்டையாகவும் அதற்குக் கீழே செங்குத்தாகவும் அமைகிறது. போடியில் 97 விழுக்காடாக இருக்கும் நிறைவு, கொழுக்குமலையில் 93 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. நுண்ணறையின் ஆக்சிஜன் அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கு போனாலும், இரத்தம் சுமக்கும் சரக்கில் நான்கைந்து விழுக்காடே குறைகிறது. உழைக்கும் தசைக்குள் அழுத்தம் வெகுவாகத் தாழும்போது, அதே வரைகோட்டின் செங்குத்துப் பகுதியில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தாராளமாக விடுவிக்கிறது. தசையின் வெப்பமும் அமிலத்தன்மையும் அதற்கு மேலும் துணைசெய்கின்றன.

விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்புவதன் குறையும் இதிலிருந்தே விளங்கும். நுண்ணறையின் அழுத்தம் கணிசமாகக் குறைந்த பின்னும் எண் பெரிதாக மாறுவதில்லை. இரத்தசோகையில் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்தவருக்கும், இருக்கும் ஹீமோகுளோபின் நிறைந்திருப்பதால், 97 என்றே காட்டும். அவர் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜனோ பாதிதான்.

மூச்சின் தாளத்தை நடத்துவது எது

மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலுள்ள நரம்புத் தொகுதிகள் மூச்சின் தாளத்தை உறக்கத்திலும் இடையறாது எழுப்புகின்றன. அத்தாளத்தை ஓய்வு நிலையில் முதன்மையாகக் கட்டுப்படுத்துவது ஆக்சிஜன் அன்று, கார்பன் டை ஆக்சைடே என்பதை ஜே. எஸ். ஹால்டேனும் ஜே. ஜி. பிரீஸ்ட்லியும் 1905இல் நிறுவினர். கார்பன் டை ஆக்சைடு சிறிது மிகுந்தாலும் மூளைத் தண்டுவட நீரின் அமிலத்தன்மை உயர்ந்து மூச்சு வேகமடைகிறது. ஆக்சிஜன் குறைவை உணரும் கரோடிட் உறுப்பு கழுத்துத் தமனியின் பிரிவிடத்தில் உள்ளது. தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மில்லிமீட்டரை நெருங்கும்போதுதான் அதன் தூண்டல் வலுப்பெறுகிறது. குரங்கணி ஏற்றத்தில் இரைக்கும் மூச்சுக்கு ஆக்சிஜன் குறைவைவிட, தசைகளை இயக்க மூளை அனுப்பும் கட்டளையும் தசை, மூட்டுகளிலிருந்து திரும்பி வரும் உணர்வுகளும் பெரிய காரணங்களாகும்.

இத்தகைய ஏற்றம் இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, மலைமேலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாக அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டிகளில் போடிக்கு வந்தது. சரக்குக்குக் கம்பிவடம் கிடைத்த காலத்திலும், ஏலத்தோட்ட வேலைக்குக் கீழிருந்து சென்ற மக்கள் நடந்தே ஏறினர். மலையில் வாரக்கணக்கில் தங்குவோரிடம் மற்றொரு மெதுவான மாற்றமும் நிகழ்கிறது. ஆக்சிஜன் குறைவை உணர்ந்த சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்க, எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி கூடுகிறது. செல்கள் ஆக்சிஜன் அளவை உணரும் மூலக்கூறு வழிமுறையைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோருக்கு 2019இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மறைந்திருக்கும் சேதம்

காற்றுப் பாதை முழுவதும் தரும் தடையில், 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்கிளைக்குழல்களின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்று மட்டுமே என்பதைப் பீட்டர் மேக்லெமும் ஜெரி மீடும் 1967இல் அளந்து காட்டினர். தனித்தனியே பார்த்தால் அவை மிகக் குறுகலானவை என்றாலும், எண்ணிக்கையில் மிகப் பலவாக இருப்பதால் மொத்தக் குறுக்குப் பரப்பு பெரிதாகித் தடை குறைகிறது. விறகுப் புகையும் பஞ்சுத் தூசியும் பீடிப் புகையும் முதலில் அழிப்பது இக்குழல்களையே. அவற்றில் பாதி அடைபட்டாலும் மொத்தத் தடை சிறிதளவே உயரும் என்பதால், மூச்சுத் திணறல் என்னும் எச்சரிக்கை எழுவதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. ஒரு நுரையீரல் முழுவதும் அகற்றப்பட்டவராலும் ஓய்வில் இயல்பாக வாழ முடிகிறது என்னும்போது, சிறு இழப்புகளை உடல் உணராததில் வியப்பில்லை.

ஆகவே சுவாச மண்டலத்தைப் பொறுத்தவரை, நோயாளியின் உணர்வு காலம் தாழ்ந்தே வரும் சாட்சியாகும். ஜான் ஹட்சின்சன் 1846இல் அறிமுகப்படுத்திய ஸ்பைரோமீட்டர் என்னும் மூச்சளவி இக்குறையை ஓரளவு போக்குகிறது. ஆழ்ந்து இழுத்த காற்றை முழு வேகத்துடன் ஊதச் செய்து, முதல் விநாடியில் வெளிப்படும் அளவை மொத்த அளவோடு ஒப்பிடும்போது, அவ்விகிதம் 0.7க்குக் கீழே இருந்தால் காற்றுப்பாதை அடைபட்டிருக்கிறது என மருத்துவர் கொள்வர். ஒரே மனிதரை ஆண்டுதோறும் அளந்து ஒப்பிட்டால், எல்லைக்கோட்டைத் தொடுவதற்கு முன்பே சரிவைக் கண்டுகொள்ள முடியும். இழந்த நுண்ணறைகள் மீண்டும் வளர்வதில்லை என்பதால், இந்த முன்னறிவின் மதிப்பு பெரிது.

துகள் பருமனின் விதிகளே பாதுகாப்பின் விதிகளையும் தீர்மானிக்கின்றன. தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றும் விசிறியும், பஞ்சு அடைக்கும் அறையின் காற்றோட்டமும், அடுக்களையின் புகைபோக்கியும், மருந்து அடிப்பவர் காற்று வீசும் திசையறிந்து நிற்பதும் முதல் அரண்களாகும். 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை நிறுத்தும் என்-95 வகை முகக்கவசம், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால் மட்டுமே அப்பணியைச் செய்யும். மருந்தின் ஆவியை அதனால் தடுக்க இயலாது, அதற்குக் கரி அடைத்த வடிகட்டி தேவை. காற்றைத் தேர்ந்து இழுக்கும் ஆற்றல் நுரையீரலுக்குக் கிடையாது. மூக்குக்கு வெளியே செய்யப்படும் தேர்வும், உணர்வுக்கு முன்பே செய்யப்படும் அளவீடும் சேர்ந்தால்தான் அதன் மிகைத்திறன் சேதத்தை மூடும் திரையாக மாறாமல், உழைப்புக்கும் முதுமைக்கும் உரிய சேமிப்பாக நிலைக்கும்.